ஸ்னோடிராப் பார்க்க எந்தத் தோட்டம்? அம்மா பிப்ரவரி 22 வரைதான் இங்கே

தாமிரபரணி_77
ஜனவரி 24, இரவு 9.42

வணக்கம். திருநெல்வேலியிலிருந்து அம்மா வந்திருக்கிறார். வயது 71. நவம்பர் கடைசியில் வரவழைத்தது என் புத்திக்கேடு. கோடையில் அழைத்திருக்க வேண்டும். வந்த நாள் முதல் அவர் பார்த்ததெல்லாம் நான்கு மணிக்கே இருட்டிவிடும் வானமும் லண்டன் புறநகர் ஹாரோவில் எங்கள் வீட்டுப் பின்வேலியும்தான். சமையலறை ஜன்னலோரம் நின்றுகொண்டு, "இங்கே மரமெல்லாம் பட்டுப்போய்விட்டதா, இல்லை இப்படித்தான் நிற்குமா?" என்று கேட்கிறார்.

பிப்ரவரி 22 அன்று ஊருக்குத் திரும்புகிறார். அதற்குள் தரையிலிருந்து முளைத்த ஒரு பூவையாவது காட்டி அனுப்ப வேண்டும். வசந்தத்து மஞ்சள் டேஃபடில் அதற்குள் சரியாக வராது. குளிர்காலக் கடைசியில் பூக்கும் சிறு வெள்ளைப் பூ, ஸ்னோடிராப்தான் கதி.

போன வருடம் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஒரு தோட்டத்தின் படம். பாலைக் கொட்டியது போல் தரை முழுக்க வெள்ளை. மார்ச் இரண்டாம் வாரம் இரண்டு மணி நேரம் காரோட்டிப் போனேன். வாசலில் முழு விலைக்கு டிக்கெட் கொடுத்தார்கள். உள்ளே போனால் பச்சை இலையும் துவண்ட காம்பும்தான். என் மகன் குனிந்து பார்த்துவிட்டு, "அம்மா, இது வெங்காயத்தாள்" என்றான். தோட்டத்தின் பெயர் வேண்டாம்.

ஹாரோவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால் நல்லது. அம்மாவுக்கு முழங்கால் வலி. சறுக்கும் சேறு, செங்குத்துப் படி ஆகாது. கழிப்பறை கட்டாயம். எங்கே போகலாம்?


மண்வெட்டி
ஜனவரி 24, இரவு 10.15

சகோதரி, நீங்கள் தோட்டத்தைத் தேடுகிறீர்கள். நான் முதலில் தேதியைத் தேடச் சொல்வேன். இந்தப் பூ விஷயத்தில் பாதிப் பேர் ஏமாறுவது இடத்தால் அல்ல, நாளால்.

தெற்கு இங்கிலாந்தில் ஜனவரி கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி மூன்றாம் வாரம் வரை நல்ல காலம். குளிர் நீண்டால் சில நாள் தள்ளும். வெயில் அடித்தால் சீக்கிரம் முடிந்துபோகும். மார்ச்சில் வெங்காயத்தாள்தான். உங்கள் மகன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். அதுவும் கிழங்கில் முளைக்கிற செடிதானே.

அடுத்து, நேரம். இது புத்தகங்களில் அதிகம் வராது. காலை ஒன்பது மணிக்குப் போனால் பூவெல்லாம் மூடிக்கொண்டு தொங்கும், அரிசிமணியைக் காம்பில் கட்டிவிட்டது போல. கடும் உறைபனி விழுந்த காலையில் செடியே தரையோடு சாய்ந்து கிடக்கும். செத்துவிட்டது என்று நினைப்பீர்கள். பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு எழுந்துவிடும். வெப்பம் 10 டிகிரியை ஒட்டி வந்து கொஞ்சம் வெயிலும் விழுந்தால், வெளியிதழ் மூன்றும் இறக்கை போல விரியும். அந்தச் சமயம்தான் தேன் மணமும் வரும். குளிர்காலத்தில் விழித்துக்கொண்ட வண்டுத்தேனீ ராணி ஒன்றிரண்டு அதற்காகவே சுற்றும். ஆகவே பகல் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நடுவே போங்கள். வார நாள் என்றால் இன்னும் நல்லது.

இனி இடம். என் வோட்டு வெல்ஃபோர்ட் பார்க். பெர்க்‌ஷயரில் நியூபரிக்குப் பக்கம். உங்களுக்கு எம் 4 நெடுஞ்சாலை நேராகக் கொண்டுபோய்விடும். அங்கே பீச் மரக்காடு ஒன்று இருக்கிறது. சாம்பல் நிற அடிமரங்கள் தூண் தூணாக நிற்க, அவற்றின் அடியில் கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை. லாம்போர்ன் ஆறு உள்ளேயே ஓடுகிறது. ஒரு செடியைக் காட்டி "இது என்ன வகை" என்று யாரும் உயிரை வாங்கமாட்டார்கள். வருடத்தில் இந்தச் சில வாரங்கள்தான் பொதுமக்களுக்குத் திறக்கிறார்கள், அதுவும் எல்லா நாளும் இல்லை. கிளம்பும் முன் அவர்கள் தளத்தில் பாருங்கள். 2014 முதல் பல வருடம் தொலைக்காட்சி கேக் போட்டியின் வெள்ளைக் கூடாரம் போட்டது இந்த இடத்தில்தான். உங்கள் மகனுக்கு அதைச் சொன்னால் வருவான்.


ஓரக்கண்
ஜனவரி 24, இரவு 10.31

ஒரு விரல் உயரப் பூவைப் பார்க்க எழுபது மைல் பெட்ரோல். நடத்துங்கள்.


சப்பாத்துச்சேறு
ஜனவரி 25, காலை 7.50

அக்கா, உங்கள் அம்மாவின் முழங்காலை நினைத்தால் வெல்ஃபோர்டை விட அங்கிள்சி அபே பொருத்தம் என்பேன். கேம்பிரிட்ஜிலிருந்து ஆறு மைல் அளவில், லோட் என்ற ஊரில் இருக்கிறது. பழைய மாளிகை, தோட்டங்களைக் காக்கும் நஷனல் டிரஸ்ட் அமைப்பின் இடம். முதலாவது ஃபேர்ஹேவன் பிரபு 1966இல் இறந்தபோது அவர்களுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனது. தரை மேசை போலச் சமதளம். குளிர்காலத் தோட்டத்துக்கென்றே வளைந்து வளைந்து போகும் கெட்டியான பாதை போட்டிருக்கிறார்கள். சக்கர நாற்காலி இரவல் கிடைக்கும். முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

என் மாமியார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தபோது கூட்டிப் போனோம். அவருக்குப் பூவை விட மரம்தான் பிடித்தது. பாதையின் முடிவில் இமாலயப் பேர்ச் மரங்கள் கூட்டமாக நிற்கும், சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை. தோட்டக்காரர்கள் அந்த மரங்களைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவுகிறார்கள் என்று சொன்னேன். "மரத்துக்குக் குளிப்பாட்டுகிற ஊரையும் பார்த்துவிட்டேன்" என்றார். இன்னும் அதைத்தான் எல்லாரிடமும் கதைக்கிறார்.

அங்கே 300க்கு மேற்பட்ட ஸ்னோடிராப் வகைகள் இருக்கின்றன. வழியில் சார்கோகொக்கா என்றொரு குறுஞ்செடி. பூ கண்ணுக்குத் தெரியாது, மணம் மட்டும் மல்லிகைப் பந்தலுக்குள் போனது மாதிரி அடிக்கும். ஆறுதலாக நடந்தால் இரண்டு மணித்தியாலம். பிறகு நீர் ஆலையைப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. வழிகாட்டிக் கருவியில் "அங்கிள்சி" என்று மட்டும் போடாதீர்கள். என் மச்சான் போட்டார். அது அவரை வேல்ஸில் இருக்கிற அங்கிள்சித் தீவுக்குத் திருப்பியது. பர்மிங்காம் பெயர்ப்பலகையைப் பார்த்த பிறகுதான் அவருக்குச் சந்தேகமே வந்தது.


கிழங்குப்பித்தன்
ஜனவரி 25, காலை 11.05

இரண்டு நல்ல இடங்கள்தான். ஆனால் ஸ்னோடிராப் பார்ப்பது என்று சொல்லிவிட்டு கோல்ஸ்போர்ன் பெயரை எடுக்காமல் விடுவது, திருவையாறைச் சொல்லாமல் கர்நாடக சங்கீதம் பேசுவது போல.

குளொஸ்டர்ஷயரில் செல்டனத்துக்கும் சைரன்செஸ்டருக்கும் நடுவே இருக்கிறது கோல்ஸ்போர்ன் பார்க். ஹென்றி ஜான் எல்வெஸ் என்ற தாவர வேட்டைக்காரரின் வீடு. மனிதர் பூச்சி, பறவை, மரம் என்று எதையும் விட்டுவைக்காதவர். 1874இல் துருக்கியின் ஸ்மிர்னா பக்கத்து மலையில் பெரிய இலையும் பெரிய பூவும் கொண்ட ஸ்னோடிராப் ஒன்றைக் கண்டார். அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள்: கலாந்தஸ் எல்வெசி. இன்று அங்கே ஏறத்தாழ 350 வகைகள். நடுவில் ஒரு ஏரி, சாயம் கலந்தது போல நீலம். தண்ணீரில் மிதக்கும் களிமண் துகள்களால் வரும் நிறம் அது. பிப்ரவரியின் வார இறுதிகளில் திறப்பார்கள்.

தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். பூவைத் தூக்கி உள்ளே பாருங்கள். உள்ளிதழ் மூன்றிலும் பச்சைப் புள்ளி இருக்கும். ஒன்றில் தலைகீழ் இதயம் போல, ஒன்றில் எக்ஸ் குறி போல, இன்னொன்றில் இதழ் முழுக்கப் பச்சை. சிலவற்றில் பச்சைக்குப் பதில் மஞ்சள். நாங்கள் பல்வைத்தியரின் கண்ணாடி போன்ற கைக்கண்ணாடி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருப்போம். பூவைத் தொடாமல் அடியில் நீட்டிப் பார்க்கலாம். சிரிக்காதீர்கள், சேற்றில் முழங்காலிடாமல் தப்பிக்க அதைவிட நல்ல வழி இல்லை.


மண்வெட்டி
ஜனவரி 25, காலை 11.40

பித்தரே, 71 வயது அம்மாவைச் சேற்றில் உட்காரவைத்துப் புள்ளி எண்ணச் சொல்கிறீர்களா? கம்பளமாக விரிந்த பூவுக்கு ஓர் அழகு இருக்கிறது. நீங்கள் பார்ப்பது கம்பளம் அல்ல, பெயர்ப்பலகை. ஒரு குட்டிச் செடி, பக்கத்தில் அதைவிடப் பெரிய பலகை, மீண்டும் ஒரு குட்டிச் செடி. கல்லறைத் தோட்டம் போல இருக்கும்.


கிழங்குப்பித்தன்
ஜனவரி 25, நண்பகல் 12.02

கோல்ஸ்போர்னில் இரண்டும் உண்டு ஐயா. பெயர் வைத்த வகைகளே அங்கே பெருங்கூட்டமாகப் பரந்து கிடக்கின்றன. அதனால்தான் சொல்கிறேன். 'எஸ். ஆர்நாட்' என்ற வகையை அங்கே மதிய வெயிலில் பாருங்கள். பத்தடி தள்ளியே தேன் மணக்கும். ஸ்காட்லாந்தில் டம்ஃப்ரீஸ் பக்கத்துச் சாமுவேல் ஆர்நாட் என்பவர் எல்வெசுக்கு அனுப்பிவைத்த கிழங்கின் வழிவந்தது அது. கிரைமியப் போருக்குப் போன சிப்பாய்கள் அங்கிருந்து மடிப்பிலை ஸ்னோடிராப் கிழங்கைக் கொண்டுவந்தார்கள் என்று சொல்வார்கள். போருக்குப் போனவன் கிழங்கோடு திரும்புகிறான் என்றால், இது வெறும் பலகை விவகாரமா?


ஓரக்கண்
ஜனவரி 25, மதியம் 1.20

ஒரு கிழங்கு 1,850 பவுண்டுக்கு விற்றதாமே, அந்தப் பைத்தியம் நீங்கள்தானா?


கிழங்குப்பித்தன்
ஜனவரி 25, மதியம் 1.34

அது 2022இல், இணைய ஏலத்தில் போன 'கோல்டன் டியர்ஸ்'. அதற்கு முன் 2015இல் 'கோல்டன் ஃப்ளீஸ்' 1,390 பவுண்டுக்குப் போனது. வாங்கியது நானல்ல. அந்தப் பணம் என்னிடம் இருந்திருந்தால் என் மனைவி இந்த இழையைப் படிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருப்பேன்.

விலை ஏறியதால் திருட்டும் ஏறியது. அரிய வகை எங்கே நட்டிருக்கிறது என்று தெரியாமலிருக்கப் பலகையே வைக்காத தோட்டங்களும் உண்டு. மண்வெட்டி ஐயாவுக்கு மகிழ்ச்சியான செய்தி.


கல்லணை
ஜனவரி 25, மாலை 6.10

கார் இல்லாதவர்களுக்கும் ஏதாவது சொல்லுங்கள். ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன். எல்லாரும் எம் 4, எம் 11 என்றால் நாங்கள் எங்கே போவது?


சப்பாத்துச்சேறு
ஜனவரி 25, மாலை 6.48

லண்டனுக்குள்ளேயே செல்சி ஃபிசிக் கார்டன் இருக்கிறது. 1673இல் மருந்துக்காரர்கள் தொடங்கிய மூலிகைத் தோட்டம். ஸ்லோன் ஸ்குவேர் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். குளிர்கால முடிவில் ஸ்னோடிராப்புக்கென்று தனியாக நாட்கள் ஒதுக்குவார்கள். காடு போல எதிர்பார்க்காதீர்கள், சிறிய இடம். ஆனால் சில வகைகளைச் சட்டிகளில் வைத்துக் கண் மட்டத்துக்கு அடுக்கிக் காட்டுவார்கள். குனியத் தேவையில்லை.

கேம்பிரிட்ஜுக்கு கிங்ஸ் குரொஸ்ஸிலிருந்து விரைவு ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்குள் வந்துவிடலாம். அங்கிருந்து லோட்டுக்கு பஸ்ஸோ டாக்சியோ. பஸ் நேரம் அடிக்கடி மாறுகிறது, அன்றைக்கே பாருங்கள்.


குறிஞ்சிப்பாதை
ஜனவரி 25, இரவு 8.25

பெனிங்டன் லார்ட்ஷிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹர்ட்ஃபோர்ட்ஷயர், ஸ்டீவனேஜுக்குக் கிழக்கே. இடிந்த நார்மன் கோட்டை, அதைச் சுற்றித் தண்ணீர் வற்றிய அகழி, அகழிச் சரிவெல்லாம் ஸ்னோடிராப். ஹாரோவிலிருந்து ஒரு மணி நேரம்தான். சரிவு இருப்பதால் அம்மாவுக்குக் கொஞ்சம் கவனம் தேவை.

பெயின்ஸ்விக் ரொகோகோ தோட்டத்தையும் யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். 1748இல் தாமஸ் ராபின்ஸ் வரைந்த ஓவியத்தை வைத்துக்கொண்டு, காடு மண்டிக் கிடந்த இடத்தை 1984 முதல் மீட்டெடுத்தார்கள். எனக்கு உயிரான இடம். ஆனால் அது பள்ளத்தாக்குக் குழிக்குள் இருக்கிறது. இறங்கினால் ஏற வேண்டும். முழங்கால்காரர்களுக்கு வேண்டாம். எக்ஸ்மூரில் வெடன் கிராஸ் பக்கம் ஸ்னோடிராப் பள்ளத்தாக்கு என்றே ஓரிடம் உண்டு. பிப்ரவரியில் அந்தக் குறுகிய சாலையைக் கார்களுக்கு மூடிவிட்டு பஸ்ஸில் ஏற்றிப் போவார்கள். உங்களுக்குத் தொலைவு.

தனியார் வீட்டுத் தோட்டங்கள் வேண்டுமென்றால் நேஷனல் கார்டன் ஸ்கீமின் பட்டியலைப் பாருங்கள். 1927இல் மாவட்டச் செவிலியர்களுக்கு நிதி திரட்டத் தொடங்கியது. முதல் வருடம் 609 தோட்டங்கள், தலைக்கு ஒரு ஷில்லிங். இப்போதும் பெரும்பாலும் செவிலியர், உடல்நல உதவி அமைப்புகளுக்குத்தான் பணம் போகிறது. பிப்ரவரியில் ஸ்னோடிராப்புக்கென்றே திறக்கும் வீடுகள் அதில் உண்டு. வீட்டுக்காரரே தேநீர் ஊற்றிக் கொடுப்பார். கேக்கும் உண்டு.


தாமிரபரணி_77
ஜனவரி 26, காலை 8.12

எல்லாருக்கும் நன்றி. அம்மா இந்த இழையை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய ஒரே கேள்வி: "ஸ்னோடிராப், ஸ்னோடிராப் என்கிறீர்களே, தமிழில் பெயர் கிடையாதா?"


கல்லணை
ஜனவரி 26, காலை 9.30

பனித்துளிப் பூ என்று சொல்லலாமே.


மண்வெட்டி
ஜனவரி 26, காலை 10.05

பனித்துளி என்றால் நம்மவருக்குப் புல் நுனியில் நிற்கும் நீர்தான் நினைவுக்கு வரும். மார்கழி விடியல், கோலம், பரங்கிப்பூ என்று மனம் வேறு பக்கம் போய்விடும். உறைபனிக்கும் அந்தப் பனிக்கும் சம்பந்தமில்லை.


கிழங்குப்பித்தன்
ஜனவரி 26, காலை 10.22

மேலும், ஆங்கிலப் பெயரில் இருக்கும் 'டிராப்' சொட்டு அல்ல என்பார்கள். அந்தக் காலத்துப் பெண்கள் காதில் போட்ட தொங்கும் அணிக்கு அந்தப் பெயர். ஆக, பனித்தொங்கட்டான் என்பதுதான் சரி! தாவரவியல் பெயர் கலாந்தஸ். கிரேக்கத்தில் பால், பூ என்ற இரண்டு சொற்கள். பாற்பூ என்றாலும் பொருந்தும்.


தாமிரபரணி_77
ஜனவரி 26, காலை 10.40

தொங்கட்டானுக்கு அம்மா தலையாட்டிவிட்டார். காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.


மருந்துக்கடை
ஜனவரி 27, இரவு 11.18

இரவுப் பணியிலிருந்து எழுதுகிறேன். நான் தினமும் எடுத்துக்கொடுக்கும் மாத்திரை ஒன்றின் பிறப்பிடம் இந்தச் செடி. கலன்டமைன், அல்சைமர் நோயாளிகளுக்குத் தருவது. 1950களில் சோவியத், பல்கேரிய ஆய்வாளர்கள் காகசஸ் பகுதி ஸ்னோடிராப்பிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அல்சைமருக்கு அமெரிக்கா அனுமதித்தது 2001இல். இப்போது டேஃபடிலிலிருந்தும் எடுக்கிறார்கள், ஆலையிலும் செயற்கையாகத் தயாரிக்கிறார்கள்.

அதற்காக யாரும் கிழங்கைக் கடித்துப் பார்க்க வேண்டாம். செடி முழுக்க விஷம். வெங்காயம் என்று நினைத்துத் தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு நிச்சயம். வெங்காயத்தாள் என்ற அந்தப் பையனிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.


பைஃப்_வாசி
ஜனவரி 29, மாலை 5.02

தெற்கத்தியர்களின் சண்டைக்குள் ஸ்காட்லாந்துக்காரன் தலையிடலாமா? செயின்ட் ஆண்ட்ரூஸுக்குத் தெற்கே கிங்ஸ்பார்ன்ஸ் ஊரில் கேம்போ எஸ்டேட் இருக்கிறது. காட்டின் நடுவே ஓர் ஓடை. அதன் இரு கரையிலும் ஸ்னோடிராப். அந்த ஓடையோடு நடந்துகொண்டே போனால் மரங்கள் விலகி வடகடல் வந்துவிடும். கடல் காற்றில் அந்தப் பூ ஆடுவதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. தேசிய ஸ்னோடிராப் சேகரமும் அங்கே உண்டு. எங்களுக்குச் சீசன் கொஞ்சம் பிந்தும். தெற்கில் தவறவிட்டவர்கள் மார்ச் முதல் வாரம் வரை நம்பி வரலாம். தாமிரபரணி அக்காவுக்கு இது உதவாது. பின்னால் இழையைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.


கல்லணை
பிப்ரவரி 1, பகல் 12.15

அவசரமாக ஒன்று. எங்கள் தெருமுனைத் தேவாலயத்து வளாகத்திலேயே பூத்திருக்கிறது! ஒரு தண்டில் ஒன்று, மணி போல. ஆறு இதழும் ஒரே அளவு, ஒவ்வொரு நுனியிலும் பச்சைப் பொட்டு. எதற்கு ஊரெல்லாம் அலைய வேண்டும்?


கிழங்குப்பித்தன்
பிப்ரவரி 1, பகல் 12.29

ஆறும் ஒரே அளவு, ஆறிலும் பொட்டு என்றால் அது ஸ்னோஃப்ளேக். லூகோஜம். ஒன்றுவிட்ட அக்கா தங்கை உறவு. ஸ்னோடிராப்பில் வெளியே மூன்று நீளம், உள்ளே மூன்று குட்டை. ஆனால் தேவாலய வளாகத்தைத் தொடர்ந்து பாருங்கள். பழைய மடங்கள், கல்லறைகளைச் சுற்றி ஸ்னோடிராப் நிறைய உண்டு. பிப்ரவரி 2, கிறிஸ்தவர்களின் மெழுகுவர்த்தித் திருநாளை ஒட்டிப் பூப்பதால் 'மெழுகுவர்த்தித் திருநாள் மணி' என்றே அழைத்தார்கள். இவ்வளவு ஊன்றிப்போன பூ இந்த நாட்டுப் பூர்வீகம் அல்ல என்பதுதான் வேடிக்கை. 1597இல் ஜெரார்டின் மூலிகை நூலில் தோட்டச் செடியாக வருகிறது. காட்டில் வளர்வதாக 1770களில்தான் முதல் பதிவு.


ஓரக்கண்
பிப்ரவரி 1, மதியம் 1.00

குடியேறி வந்து இருநூறு வருடத்தில் தேவாலயத்தில் இடம் பிடித்துவிட்டது. நமக்கு இன்னும் கவுன்சில் வீடு கிடைக்கவில்லை.


தாமிரபரணி_77
பிப்ரவரி 5, இரவு 9.05

வெல்ஃபோர்டா, அங்கிள்சி அபேயா என்று இரண்டில் வந்து நிற்கிறது. கோல்ஸ்போர்ன் வார இறுதி மட்டும். இந்த ஞாயிறு மழை என்கிறார்கள், அதனால் கழன்றுவிட்டது. அம்மாவுக்கு நேற்று முழங்கால் வீங்கியிருந்தது. சக்கர நாற்காலி என்றால் கௌரவக் குறைவு என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.


சப்பாத்துச்சேறு
பிப்ரவரி 5, இரவு 9.20

நாற்காலி என்று சொல்லாதீர்கள் அக்கா. "பை வைக்கத் தள்ளுவண்டி எடுக்கிறோம்" என்று சொல்லி எடுங்கள். கால்மணி நேரத்தில் அவரே உட்காருவார். நாங்கள் செய்தது அதுதான்.


மண்வெட்டி
பிப்ரவரி 5, இரவு 9.47

வெல்ஃபோர்ட் என் கட்சி என்றாலும் இந்த முழங்காலுக்கு அங்கிள்சி அபேதான். தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்.


தாமிரபரணி_77
பிப்ரவரி 12, இரவு 10.30

நேற்று போய்வந்தோம். புதன்கிழமை, 11 டிகிரி, பத்து நாளில் முதல் தடவையாக வெயில். கூட்டம் இருந்தது, ஆனால் எல்லாரும் ஓய்வுபெற்றவர்கள், யாரும் யாரையும் முந்தவில்லை. தள்ளுவண்டித் தந்திரம் பலித்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவே உட்கார்ந்துவிட்டார்.

உண்மையைச் சொல்கிறேன். முதலில் பார்த்ததும் அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. "இதற்கா இவ்வளவு தூரம்? தும்பைப் பூ மாதிரி இருக்கிறது. நம் தோட்டத்து வரப்பில் இதைவிட அதிகமாகக் கிடக்கும்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெறுமனே தள்ளிக்கொண்டு போனேன்.

சிவப்புக் குச்சிகளாக நிற்கும் புதர்களைத் தாண்டி ஒரு திருப்பத்தில், பாதையின் விளிம்பை ஒட்டியே ஒரு கொத்து. பித்தன் அண்ணா கண்ணாடி பற்றி எழுதியது நினைவுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் கைப்பையைத் திறந்து பொட்டு வைக்கும் வட்டக் கண்ணாடியை எடுத்தார். என் திருமணத்துக்கு முன்பிருந்தே அவரிடம் இருப்பது. பின்புறத்தில் ரசம் உரிந்திருக்கும். நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் சாய்ந்து, அதைப் பூவுக்கு அடியில் நீட்டினார். கை கொஞ்சம் நடுங்கியது. கண்ணாடியில் வெயில் பட்டுப் பூவின் உட்புறம் முழுக்க வெளிச்சமாகிவிட்டது. உள்ளிதழில் சிறிய தலைகீழ் வளைவு, நடுவே மஞ்சள் மகரந்தம். நான் அவர் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தேன்.

"அடடே, உள்ளே பச்சை குத்தியிருக்கிறதே" என்றார்.

அதன்பிறகு ஒரு மணி நேரம் நான் தள்ளவே இல்லை. அவர் சொல்லும் இடத்தில் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். "இதில் இரண்டு பொட்டு." "இதில் பொட்டே பெரிது." "இது அதேதான், அடுத்ததற்குப் போ." பின்னால் வந்த ஓர் ஆங்கிலேயப் பாட்டி நின்று பார்த்தார். அம்மா கண்ணாடியை நீட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இருவரும் சேர்ந்து ஐந்தாறு பூக்களைப் பார்த்தார்கள். பேர்ச் மரங்களிடம் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி ஆகிவிட்டது. மரம் கழுவும் விஷயத்தைச் சொன்னேன். அதை அம்மா நம்பவில்லை.

வெளியே வரும் வழியில் சிறிய சட்டி ஒன்று வாங்கிக்கொண்டோம், பூத்த செடியோடு. அம்மா ஊருக்கு எடுத்துப் போக வேண்டும் என்கிறார்.


கிழங்குப்பித்தன்
பிப்ரவரி 12, இரவு 10.52

சகோதரி, நான் முப்பது வருடமாக இந்தப் பூவைப் பார்க்கிறேன், 'பச்சை குத்தியிருக்கிறது' என்று எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாவுக்கு என் வணக்கம்.

ஊருக்கு எடுத்துப்போக வேண்டாம். கலாந்தஸ் இனம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. விமான நிலையத்தில் தொல்லை. எடுத்துப் போனாலும் குளிர்காலம் இல்லாத இடத்தில் பிழைக்காது.


மண்வெட்டி
பிப்ரவரி 13, காலை 7.15

உங்கள் பின்வேலி ஓரத்தில் நட்டுவிடுங்கள். இப்போதே, இலை பச்சையாக இருக்கும்போதே. காய்ந்த கிழங்கை இலையுதிர் காலத்தில் வாங்கி நட்டு நான் கெட்டேன். ஒரு கடையில் ஐம்பது வாங்கினேன், முளைத்தது நான்கு. உலர்ந்தால் அது சீக்கிரம் செத்துவிடும். கோடையில் நிழல் விழும் இடமாகப் பாருங்கள். இலை மக்கு கொஞ்சம் போட்டு, சட்டியில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் புதையுங்கள். பூ முடிந்த பிறகு இலையை வெட்டவோ முடிச்சுப் போடவோ கூடாது. தானாக மஞ்சளாகிச் சாயட்டும்.

இன்னொன்று, படிக்கிற மற்றவர்களுக்கும்: காட்டிலோ சாலையோரத்திலோ பார்த்தால் தோண்டாதீர்கள். நிலத்துக்குரியவர் அனுமதியில்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.


தாமிரபரணி_77
பிப்ரவரி 13, மாலை 4.40

நட்டாயிற்று. சமையலறை ஜன்னலுக்கு நேரே, வேலியோரம். இடத்தை அம்மாவே தேர்ந்தெடுத்தார். கரண்டியால் குழி தோண்டியது என் மகன். "இது விஷ வெங்காயம்" என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பொட்டுக் கண்ணாடியை அம்மா ஜன்னல் திட்டிலேயே வைத்துவிட்டார்.


ஓரக்கண்
பிப்ரவரி 13, இரவு 8.55

செல்சிக்கு ஞாயிறு மதியம் இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். அங்கே காரை எங்கே நிறுத்துவது?


கல்லணை
பிப்ரவரி 13, இரவு 8.58

ரயிலில் போங்கள். ஸ்லோன் ஸ்குவேர்.


கிழங்குப்பித்தன்
பிப்ரவரி 13, இரவு 9.01

கண்ணாடியை மறக்காதீர்கள்.